சம்பளம் நின்னா கையில இருக்கிறது எத்தனை மாசம் தாங்கும்? புதுசா கணக்குப் பாக்குறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

பேங்க்ல எவ்வளவு இருக்குன்னு கேட்டா எல்லாரும் டக்குனு ஒரு நம்பர் சொல்லிடுவாங்க. அந்தப் பணம் எத்தனை மாசத்துக்கு வரும்னு கேட்டாதான் முழிப்பாங்க. நல்ல காலத்துல இந்த ரெண்டாவது கேள்விக்கு அவசியமே இருக்காது, மாசம் பிறந்தா சம்பளம் வந்துடும். நோய் பரவி ஊரே மூடிக் கெடக்குறப்போ, இல்ல நாட்டோட பொருளாதாரமே படுத்துட்டப்போ, வேற எந்தக் கேள்விக்கும் முன்னாடி இதுக்குத்தான் பதில் தெரியணும்.

2020 மார்ச் 11-ல உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்றுன்னு அறிவிச்சுது. அந்த ஒரு வருஷத்துல மட்டும் உலகம் பூரா வேலை நேரத்துல 8.8 சதவீதம் காணாம போச்சுன்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு கணக்குப் போட்டுச்சு, முழுநேர வேலையா மாத்திப் பாத்தா ஏறக்குறைய 25 கோடியே 50 லட்சம் வேலை. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்த இழப்புல கிட்டத்தட்ட பாதி வேலை போனதால வந்தது இல்ல, வேலை இருந்தும் நேரம் கொறஞ்சதால வந்தது. அதாவது "எனக்கு வேலை இருக்கு, நான் தப்பிச்சேன்"னு நெனைச்சவங்களுக்கும் வருமானம் சுருங்கிச்சு. இன்னொண்ணு, கொரோனாவுக்கான உலகளாவிய அவசரநிலை முடிஞ்சுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2023 மே 5-லதான். மூணு வருஷத்துக்கு மேல. ஒரு மாசம் ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சிட்டு ஓட்டிடலாம்னு போட்ட கணக்கெல்லாம் அங்கதான் அடி வாங்குச்சு.

அதனால இங்க நான் ஒரே ஒரு அளவுகோல்தான் வெச்சிருக்கேன். நீங்க எடுக்கப்போற முடிவு உங்க கையிருப்புக்கு நாளைக் கூட்டுதா, கொறைக்குதா, அவ்வளவுதான். லாபம், வளர்ச்சி, எதிர்காலத் திட்டம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

முதல் வேலை: மாசக் கணக்கு

கடைசி மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், கார்டு ஸ்டேட்மென்ட், போன்ல இருக்குற பேமென்ட் ஆப்போட ஹிஸ்டரி எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்குங்க. ஞாபகத்துல இருந்து எழுதாதீங்க, ஞாபகம் எப்பவும் நமக்குச் சாதகமாதான் பேசும். ஒவ்வொரு செலவுக்குப் பக்கத்துலயும் அ, ஆ, இ-ன்னு ஒரு எழுத்து போடுங்க. இது இல்லாம குடும்பம் நடக்காதுங்கிறது அ, அதாவது வாடகை, சாப்பாடு, மருந்து, கரண்ட், தண்ணி, வேலை செய்யவும் வேலை தேடவும் வேணுங்கிற போனும் இன்டர்நெட்டும். கட்டாம விட்டா அபராதமோ வழக்கோ வரும், இல்ல பாதுகாப்பு போயிடும்ங்கிறது ஆ, அதாவது கடன் தவணை, பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ். மிச்சம் எல்லாமே இ. வருஷத்துக்கு ஒருதடவை வர்ற செலவை மறந்துடாதீங்க, அதைப் பன்னெண்டால வகுத்து மாசத்துல சேருங்க, நிறைய பேரு போடுற கணக்கு ஓட்டையாகுறது இங்கதான்.

அப்புறம் கையிருப்பு. ஒரு வாரத்துக்குள்ள எடுக்க முடியுற பணத்தை மட்டும் எண்ணுங்க. மாமா தர வேண்டிய பாக்கி, கம்பெனி தர்றதா சொன்ன போனஸ், வித்தா வரும்னு நெனைக்கிற நிலம், இதெல்லாம் கையிருப்பு கிடையாது.

ஒரு உதாரணம் பாப்போம், ரூபாயோ ரிங்கிட்டோ டாலரோ எதுவா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான். கையில 1,80,000 இருக்கு, வருமானம் சுத்தமா நின்னுபோச்சு. மாசம் அ 25,000, ஆ 15,000, இ 10,000, மொத்தம் 50,000. அப்படியே விட்டா 3.6 மாசம் தாங்கும். இ முழுசையும் வெட்டினா மாசச் செலவு 40,000, இப்போ 4.5 மாசம். ஆ-வுல பாதியைப் பேசி தள்ளிவெச்சா 32,500, இப்போ அஞ்சரை மாசம். இது எல்லாத்தையும் செஞ்சப்புறம் எங்கயாவது சின்னதா ஒரு வேலை கெடைச்சு மாசம் 12,500 வருதுன்னு வெச்சுக்குங்க, துண்டு விழறது வெறும் 20,000-தான், அதே பணம் இப்போ ஒன்பது மாசம் வருது.

அந்தக் கடைசிப் படியைத் திரும்பப் பாருங்க. 12,500-ங்கிறது பழைய சம்பளத்துக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும், "இதுக்குப் போயி வேலை செய்யணுமா"ன்னு கூட தோணும், ஆனா செலவை வெட்டினப்புறம் வர்ற சின்ன வருமானம்தான் நாளை அதிகமா இழுத்துக் கொடுக்குது. அதனால செலவை வெட்டுறதும் சின்ன வேலை தேடுறதும் ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு இல்ல, ஒரே வாரத்துல ரெண்டையும் ஆரம்பிக்கணும்.

வீட்டுல சொல்றது

இதை ரெண்டாவதா வெச்சதுக்குக் காரணம் இருக்கு. சம்பளம் பாதியானதை வீட்டுக்காரம்மாகிட்டயோ வீட்டுக்காரர்கிட்டயோ மறைச்சு, பழையபடியே செலவு நடக்கட்டும்னு கார்டுல தேய்க்கிறவங்க நெறைய. கௌரவத்துக்காக ஓட்டுற அந்த ரெண்டு மாசம், மேல போட்ட கணக்குப்படி கடைசியில நாலஞ்சு மாசத்தைத் தின்னுடும். போட்ட கணக்கை அப்படியே காட்டுங்க, "எப்படியாவது சமாளிச்சுடலாம்"னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க. ஒன்பது மாசம் தாங்கும்னு தெரிஞ்ச வீட்டுல பயம் கம்மியாதான் இருக்கும். புரியுற வயசு பசங்களுக்கும் சொல்லலாம், அவங்க நாம நெனைக்கிறதை விட நல்லாவே அனுசரிச்சுப் போவாங்க.

எதை வெட்டணும், எதைத் தொடக்கூடாது

முதல்ல ஆட்டோ டெபிட். மாசாமாசம் தானா போற பணம் எல்லாத்தையும் ஸ்டேட்மென்ட்ல தேடிப் பிடிங்க. போன்ல இருந்து ஆப்பை டெலீட் பண்ணிட்டா சந்தா நின்னுடும்னு பல பேரு நெனைச்சுட்டு இருக்காங்க, நிக்காது. ஆப் ஸ்டோர்ல சப்ஸ்கிரிப்ஷன்ஸ்னு ஒரு பக்கம் இருக்கும், அங்க போய் கேன்சல் பண்ணணும், இல்ல நேரா அந்தந்த கம்பெனி தளத்துல பண்ணணும். இலவச ட்ரையல்னு சொல்லி கார்டு நம்பர் வாங்கினது இன்னும் ஓடிட்டு இருக்கும், வருஷ சந்தா எப்போ புதுப்பிக்கும்னு தேதியும் பாத்து வெச்சுக்குங்க.

அடுத்தது பெரிய செலவு. ஜனங்க சின்னச் செலவைப் பிடிச்சுத் தொங்குவாங்க, வாடகையைத் தொடமாட்டாங்க. வாடகையில ஒரு பத்து சதவீதம் கொறைச்சுக்க முடியுமான்னு, இல்ல அட்வான்ஸ்ல ரெண்டு மாசம் கழிச்சுக்கலாமான்னு வீட்டு ஓனர்கிட்ட கேட்டுப் பாருங்க. வீடு காலியாகி மூணு மாசம் சும்மா கெடக்குறதை விட கொஞ்சம் கொறைச்சுக் கொடுத்தாலும் பரவாயில்லைன்னு யோசிக்கிற ஓனர் நெறைய பேரு உண்டு, முக்கியமா எல்லாரும் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போற நேரத்துல. ஒத்துக்கிட்டா அதை ஒரு மெசேஜாவாவது எழுத்துல வாங்கிக்குங்க.

தொடக்கூடாதது மூணு. தினம் சாப்பிடுற மருந்து, வேலை செய்ய உதவுற சாமான், மெடிக்கல் இன்சூரன்ஸ். பிரஷர் மாத்திரையை நாள்விட்டு நாள் போட்டு மிச்சம் பிடிக்கிறதெல்லாம் கடைசியில ஆஸ்பத்திரி பில்லாதான் வந்து நிக்கும்.

பீதியில மூட்டை மூட்டையா வாங்கி அடுக்குறதும் வேண்டாம். ரெண்டு மூணு வாரத்துக்கு வேண்டியது இருந்தா போதும், அதுக்கு மேல அடுக்கினா கைப்பணம்தான் சாமானா மாறி உக்காந்திருக்கும், அவசரத்துக்குத் திருப்பி மாத்த முடியாது.

கடன் கொடுத்தவங்ககிட்ட தவணை தவறுறதுக்கு முன்னாடியே பேசுங்க

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்குன்னா இதைப் படிங்க. தவணை தவறின மறுநாள் போன் பண்றவருக்கும், தவறுறதுக்கு பத்து நாள் முன்னாடி பண்றவருக்கும் பேங்க் பார்வையில பெரிய வித்தியாசம் இருக்கு. முதல் ஆளு பாக்கிக்காரர். ரெண்டாவது ஆளு இன்னும் ஒழுங்கா கட்டிட்டு வர்ற வாடிக்கையாளர், அவருக்குக் கொடுக்குறதுக்கு அவங்க கையில நாலு வழி இருக்கும், தவறிட்டா அந்த வழி ஒவ்வொண்ணா மூடும்.

பேசறப்போ புலம்ப வேண்டாம், நம்பரோட போங்க. இப்படி வெச்சுக்கலாம்:

"வணக்கம் மேடம், என் லோன் நம்பர் இது. போன மாசத்துல இருந்து சம்பளம் பாதியாயிடுச்சு, ஆபீஸ் கொடுத்த லெட்டர் இருக்கு. அடுத்த தவணை 5-ந்தேதி, முழுசா கட்ட முடியாது, 6,000 கட்ட முடியும். ஆறு மாசத்துக்குத் தவணையைக் கொறைச்சுத் தர முடியுமா?"

"ஆறு மாசம் நீங்க கட்டாமயே இருக்கலாம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல."

இந்த "ஒண்ணும் பிரச்சினை இல்ல"ங்கிறதைக் கேட்டதும் போனை வெச்சுடாதீங்க, இங்கதான் கேக்க வேண்டியது இருக்கு. "அந்த ஆறு மாசத்துக்கு வட்டி ஓடுமா மேடம்? ஓடுற வட்டி அசல்ல சேருமா, தனியா நிக்குமா? முடிஞ்சப்புறம் தவணைத் தொகை ஏறுமா, காலம் நீளுமா? நான் முடிஞ்சதைக் கட்டிட்டே வந்தா ஒத்துக்குவீங்களா? கிரெடிட் ரிப்போர்ட்ல இதை எப்படிக் காட்டுவீங்க? இப்போ சொன்னதை எல்லாம் மெயில்ல அனுப்பிடுங்க." கிரெடிட் ரிப்போர்ட்ங்கிறது நீங்க கடனை ஒழுங்கா கட்டினீங்களான்னு காட்டுற பதிவு. மெயில் வர்ற வரைக்கும் எதுவும் முடிவாகலன்னு வெச்சுக்குங்க. பேசின தேதி, நேரம், பேசினவங்க பேரு, புகார் எண் எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வெச்சா பின்னாடி சண்டை வந்தா உதவும்.

வட்டி ஓடுமான்னு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா கணக்கைப் பாருங்க. 10 லட்சம் கடன், வருஷ வட்டி 9 சதவீதம், இன்னும் 15 வருஷம் பாக்கி, தவணை மாசம் சுமார் 10,143. ஆறு மாசம் ஒண்ணுமே கட்டல, வட்டி அசல்ல சேருதுன்னு வெச்சுக்குவோம். கடன் 10,45,852 ஆயிடும். அதுக்கப்புறம் பழைய தவணையையே கட்டிட்டு வந்தா 180 தவணையில முடிய வேண்டியது 199 தவணை வரைக்கும் போகும், கடைசித் தவணை மட்டும் கொஞ்சம் சின்னது. ஆறு தவணையைத் தள்ளிவெச்சதுக்கு விலை கூடுதலா பத்தொன்பது தவணை. கடன் எவ்வளவு புதுசோ அவ்வளவு அடி, ஏன்னா ஆரம்ப காலத்துல தவணையில பெரும்பகுதி வட்டிக்குத்தான் போகுது.

அப்போ தள்ளிவைக்கவே கூடாதான்னா, அப்படி இல்ல. கையிருப்பு ரெண்டு மாசத்துக்குக்கூட இல்லன்னா கண்டிப்பா தள்ளி வைங்க, நாள்தான் முக்கியம், வட்டி அப்புறம். கட்ட முடியுற நிலைமையில "எல்லாரும் வாங்குறாங்க"ன்னு ஒத்திவைப்பு வாங்குறதுதான் வீண். முடிஞ்சா வட்டி அளவுக்காவது கட்டிட்டு வாங்க, மேல சொன்ன கடன்ல அது மாசம் 7,500, அதைக் கட்டினா அசல் ஏறாம அப்படியே நிக்கும். எல்லா ஒத்திவைப்பும் ஒரே மாதிரி இருக்காதுங்கிறதும் தெரிஞ்சுக்குங்க, அமெரிக்காவுல மத்திய அரசோட மாணவர் கடனுக்கு 2020 மார்ச்ல இருந்து 2023 ஆகஸ்ட் வரைக்கும் வட்டியே பூஜ்யமா வெச்சிருந்தாங்க. அப்படி ஒண்ணு கெடைச்சா யோசிக்காம எடுத்துக்கலாம். அதனாலதான் கேள்வி கேக்கச் சொல்றது.

நாலஞ்சு கடன் இருந்து எல்லாத்துக்கும் பணம் பத்தாதுன்னா, வீடு போற கடனும் பிழைப்பு போற கடனும் முதல்ல. குடியிருக்குற வீட்டோட கடன், தினம் ஓட்டிச் சம்பாதிக்கிற வண்டிக் கடன், இதெல்லாம் தவறினா கையை விட்டுப் போயிடும். அடமானம் இல்லாத கடன்காரங்க அதிகமா சத்தம் போடுவாங்க, ஒரு நாளைக்கு பத்து தடவை கூப்பிடுவாங்க, நாமளும் சத்தத்துக்குப் பயந்து அவங்களுக்கு முதல்ல கட்டிட்டு வீட்டுத் தவணையை விட்டுடுவோம். சத்தம் யாரு அதிகமா போடுறாங்கன்னு பாத்து வரிசை போடாதீங்க.

கார்டும் கடன் ஆப்பும்

தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் போனா என்ன முழம் போனா என்னன்னு சொல்லுவாங்க இல்ல, கார்டு விஷயத்துல அந்தப் பேச்சே ஆகாது, இங்க ஒவ்வொரு சாணுக்கும் வட்டி இருக்கு.

கார்டு பில்லுல "மினிமம் டியூ"ன்னு, அதாவது அந்த மாசம் கொறைஞ்சபட்சம் கட்ட வேண்டியதுன்னு, ஒரு சின்ன நம்பர் இருக்கும், அதைக் கட்டிட்டா ஒழுங்கா கட்டின மாதிரி ஒரு நிம்மதி. 50,000 பாக்கி, மாசம் 3 சதவீத வட்டி, மினிமம் 5 சதவீதம்னு வெச்சுக் கணக்குப் போட்டா முதல் மாசம் வட்டியோட 51,500 ஆகுது, அதுல 2,575 கட்டுறீங்க, மிச்சம் 48,925. ஒரு வருஷம் இப்படியே, புதுசா ஒண்ணுமே வாங்காம கட்டினா மொத்தம் கட்டினது 27,500 கிட்ட வரும், கடன் கொறைஞ்சது 11,500-தான். மிச்சம் 16,000 வட்டிக்குப் போச்சு. மினிமம் கட்டுறது தாமதக் கட்டணத்தையும் கெட்ட பேரையும் தடுக்கும், கடனைக் கொறைக்காது.

வழி என்னன்னா, கார்டு பாக்கியை மொத்தமா ஒரு கம்மி வட்டிக் கடனா மாத்த முடியுமான்னு அந்த பேங்க்லயே கேளுங்க, தவணையா மாத்திக் கொடுப்பாங்க, வட்டி கார்டை விடக் கொறைவா இருக்குதான்னும் ப்ராசஸிங் கட்டணம் எவ்வளவுன்னும் பாத்து எடுங்க. எடுத்த கையோட கார்டைப் பூட்டி வைங்க, இல்லன்னா தவணையும் ஓடும், கார்டுல பாக்கியும் ஏறும்.

அஞ்சு நிமிஷத்துல கடன்னு சொல்ற ஆப்புக இன்னும் மோசம். 10,000 கடன்னு சொல்லுவாங்க, கட்டணம்னு 3,000 பிடிச்சுட்டு 7,000 கையில வரும், ஏழு நாள்ல 10,000 கட்டணும். 7,000-க்கு ஒரு வாரத்துக்கு 3,000, வாரத்துக்கே 43 சதவீதம் வட்டி. இதை அடைக்க இன்னொரு ஆப், அதை அடைக்க இன்னொண்ணுன்னு போகும். அதோட இன்ஸ்டால் பண்றப்போ கான்டாக்ட்ஸ், போட்டோ எல்லாத்துக்கும் அனுமதி கேக்கும், கொடுத்துட்டீங்கன்னா கட்டாதப்போ உங்க அத்தையில இருந்து ஆபீஸ் மேனேஜர் வரைக்கும் போன் போகும். கடன் கொடுக்குற ஆப்புக்கு உங்க கான்டாக்ட் லிஸ்ட் எதுக்குன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

சொந்தக்காரங்ககிட்ட வாங்குறதா இருந்தா தொகையும் தேதியும் எழுதி வாங்குங்க. கொடுக்குறதா இருந்தா, திரும்ப வரலன்னாலும் உங்க மாசக் கணக்கு உடையாத அளவுக்கு மட்டும் கொடுங்க. ஜாமீன் கையெழுத்து மட்டும் இந்த நேரத்துல வேண்டவே வேண்டாம், "சும்மா ஒரு கையெழுத்துதானே அண்ணே"ன்னு கேட்டாலும் சட்டப்படி அது உங்க கடன்தான்.

இன்சூரன்ஸ்

வேலை போனா கம்பெனி எடுத்துக் கொடுத்த மெடிக்கல் கவரும் போயிடும், சில இடத்துல கடைசி வேலை நாள் அன்னிக்கே. எச்.ஆர்.ல கேக்க வேண்டிய முதல் கேள்வி, கவர் எந்தத் தேதி வரைக்கும், சொந்தமா தொடர முடியுமா. சொந்த பாலிசின்னா பிரீமியம் தேதிக்கு அப்புறமும் கட்டுறதுக்குக் கொஞ்ச நாள் அவகாசம், அதாவது கருணைக் காலம் இருக்கும், எத்தனை நாள்னு பாலிசியிலயே இருக்கும். காலாவதியாக விட்டு திரும்ப எடுத்தா ஏற்கெனவே இருக்குற நோய்க்கு கிளெய்ம் கெடைக்காத காத்திருப்புக் காலம் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம். சேமிப்போட சேர்ந்த ஆயுள் பாலிசி கட்ட முடியலன்னா உடனே சரண்டர் பண்ணாதீங்க, அதாவது பாதியில முடிச்சுப் பணத்தை வாங்கிடாதீங்க, ஆரம்ப வருஷங்கள்ல கைக்கு வர்றது கட்டினதை விட ரொம்பக் கம்மி. பிரீமியம் நிறுத்திட்டு கொறைஞ்ச தொகையில பாலிசியைத் தொடர முடியுமா, பாலிசி மேல கடன் கெடைக்குமான்னு கேளுங்க.

எந்தப் பணத்தை முதல்ல எடுக்குறது

வரிசை ரொம்ப சிம்பிள்: சேவிங்ஸ் அக்கவுண்ட், அப்புறம் டெபாசிட், அப்புறம் ஷேர் ஃபண்ட் மாதிரி ஏறி இறங்குறது, கடைசியா ரிட்டயர்மென்ட் பணம். டெபாசிட்டை முன்கூட்டியே உடைச்சா வட்டியில கொஞ்சம் பிடிப்பாங்க, அவ்வளவுதான், அதுக்குப் பயந்து டெபாசிட்டை அப்படியே வெச்சுட்டு கார்டுல கடன் வாங்குறவங்களைப் பாத்தா எனக்கு ஆச்சரியமா இருக்கும், 6 சதவீதம் சம்பாதிக்க 36 சதவீதம் கொடுக்குறாங்க.

ஷேர் டெபாசிட்டுக்கும் பின்னாடி வர்றதுக்குக் காரணம் 2020-லயே இருக்கு. அமெரிக்காவோட பெரிய கம்பெனிகளோட ஷேர் விலை எப்படிப் போகுதுன்னு காட்டுற எஸ் அண்ட் பி 500 குறியீடு பிப்ரவரி 19-ல இருந்து மார்ச் 23-க்குள்ள 34 சதவீதம் கிட்ட விழுந்துச்சு, ஆகஸ்ட்லயே பழைய உச்சத்தைத் தாண்டிடுச்சு. மார்ச்ல வித்தவங்க பல பேரு ஷேர் பத்தித் தெரியாதவங்க இல்ல, மாசச் செலவுக்கு வேற பணம் வெச்சுக்காதவங்க. அதுக்காக "விழுந்தா வாங்கணும், அஞ்சு மாசத்துல ஏறிடும்"னு கிளம்பிடாதீங்க, 2007 அக்டோபர்ல உச்சத்துல இருந்த அதே குறியீடு அந்த உச்சத்தைத் திரும்பத் தொட 2013 ஆச்சு. கையில ஆறு மாசச் செலவுக்குப் பணம் இல்லாதவங்களுக்கு இந்த ஆட்டம் வேண்டாம்.

ரிட்டயர்மென்ட் பணத்துல கை வைக்கிறதுக்கு 2020-ல சில நாடுகள் கதவைத் தெறந்துவிட்டுச்சு, ஆஸ்திரேலியாவுல ரெண்டு தவணையா மொத்தம் 20,000 டாலர் வரைக்கும் எடுக்கலாம்னு விட்டாங்க. வேற வழியே இல்லாதவங்களுக்கு அது பெரிய உதவிதான். ஆனா 30 வயசுல எடுக்குற 1 லட்சம், வருஷம் 7 சதவீதம் வளர்ந்திருந்தா 60 வயசுல 7 லட்சத்து 60 ஆயிரம் ஆகியிருக்கும்ங்கிறதையும் பக்கத்துல எழுதிப் பாத்துட்டு எடுங்க.

எல்லாத்தையும் பணமாவே வெச்சிருக்கிறதும் ஒரு அளவுக்குத்தான் சரி. நெருக்கடிக்குப் பின்னாடியே விலைவாசி ஏறலாம், அமெரிக்காவுல 2022 ஜூன்ல பணவீக்கம் 9.1 சதவீதத்துக்குப் போச்சு, 40 வருஷத்துல பாக்காத அளவு. இலங்கையில அதே வருஷம் செப்டம்பர்ல 70 சதவீதத்தை ஒட்டிப் போச்சு. அதனால மாசக் கணக்கை ஒருதடவை போட்டு ஃபைல்ல வெச்சுடாதீங்க, மாசாமாசம் புது விலையில திரும்பப் போடுங்க.

ஏமாத்துறவங்களுக்கு இது சீசன்

"தவணையைத் தள்ளிவைக்கணும்னா இப்போ வர்ற ஓடிபியைச் சொல்லுங்க சார்"னு பேங்க்ல இருந்து பேசற மாதிரியே போன் வரும். எந்த பேங்கும் போன் பண்ணி ஓடிபி கேக்காது. அரசாங்க நிவாரணம் வாங்க லிங்க்கை அழுத்துங்க, வீட்டுல இருந்தே வீடியோவுக்கு லைக் போட்டா தினம் காசு, இதெல்லாம் வேலை இல்லாத நேரத்துல நம்பத் தோணும். லைக் போடுற வேலையில முதல்ல ரெண்டு மூணு தடவை உண்மையிலேயே சின்னதா காசு போடுவாங்க, அப்புறம் "பெரிய டாஸ்க்குக்கு டெபாசிட் கட்டுங்க"ன்னு கேப்பாங்க. வேலை கொடுக்குறவன் நம்மகிட்ட பணம் கேட்டா அது வேலை இல்ல.

பேப்பரு, பாஸ்வேர்டு

இது பெருந்தொற்றுக்கே உரிய வேலை, சாதாரண பொருளாதார நெருக்கடியில இதை யாரும் யோசிக்கிறதில்ல. வீட்டுல பணம் பாக்குறவர் திடீர்னு ஆஸ்பத்திரியில படுத்துட்டா, பக்கத்துல போகவும் விடமாட்டாங்க, போனும் அவர்கிட்ட மாட்டிக்கும், வெளிய இருக்கிறவங்களுக்கு எந்த பேங்க், எந்த பாலிசி, எதுவுமே தெரியாது. ஒரு தாள்ல அக்கவுண்ட் எந்த பேங்க்லன்னும், இன்சூரன்ஸ் பாலிசி நம்பரும் அவங்க ஹெல்ப்லைனும், கடன் எங்க எவ்வளவுன்னும், யாருக்குத் தரணும் யாரு தரணும்னும் எழுதி நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட இடத்தைச் சொல்லி வைங்க. பாஸ்வேர்டையும் பின் நம்பரையும் அதே தாள்ல எழுதாதீங்க. அவசரச் செலவுக்கு ஒரு ஜாயின்ட் அக்கவுண்ட்ல ஒரு மாசச் செலவாவது இருக்கட்டும். எல்லா அக்கவுண்ட்லயும் நாமினி போட்டிருக்கான்னு பாருங்க, கல்யாணத்துக்கு முன்னாடி தெறந்த பழைய அக்கவுண்ட்ல இன்னும் இறந்துபோன அப்பா பேரே நாமினியா இருக்குறது சகஜம்.

வருமானம் திரும்பி வந்தப்புறம்

முதல் சம்பளம் வந்ததும் விட்டுப்போன ஆசை எல்லாம் வரிசையில வந்து நிக்கும். ஒரு சின்ன ஆசையை நிறைவேத்திக்குங்க, பாவம் மனசுன்னு ஒண்ணு இருக்கு. அப்புறம் தவறின தவணைகளை நேர் பண்ணுங்க. அடுத்து ஒரே ஒரு மாசச் செலவை ஒதுக்குங்க. அதுக்கப்புறம்தான் வட்டி அதிகமான கடனை அடிக்கிறது, அது முடிஞ்சதும் கையிருப்பை ஆறு மாசத்துக்கு ஏத்துறது. கடன் முழுசா அடைஞ்சப்புறம் சேமிக்கலாம்னு சொல்றவங்க உண்டு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, கையில ஒரு மாசம்கூட இல்லாம கடனை மட்டும் அடிச்சா அடுத்த சின்ன அவசரத்துக்கே திரும்ப அதே கார்டைத்தான் எடுக்கணும். சம்பளம் நிலையில்லாதவங்க, ஒருத்தர் சம்பாத்தியத்துல ஓடுற வீடு, இவங்கல்லாம் ஆறுக்குப் பதிலா ஒன்பது மாசம்னு வெச்சுக்குங்க.

தவணையைத் தள்ளிவெச்சவங்க ஒத்திவைப்பு முடியுற தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடி போன்ல ஒரு ரிமைண்டர் போட்டு வைங்க. முதல் தவணைக்கு அக்கவுண்ட்ல பணம் இல்லாம பவுன்ஸ் ஆகுறது ரொம்ப சாதாரணமா நடக்குறது. தவணைத் தொகை மாறியிருந்தா பழைய ஆட்டோ டெபிட் அனுமதி அதுக்குச் செல்லுமா, புதுசா கையெழுத்து போடணுமான்னும் அப்பவே பேங்க்ல கேட்டு, புது தவணை அட்டவணையை மெயில்ல வாங்கி வெச்சுக்குங்க.